அமலாவுக்குப் புரியவில்லையாம்

போன வருஷம் முழுக்க எங்கள் தெருவில் இதே பேச்சுதான். பெற்ற மகள் பேசுவது அமலாவுக்குப் புரியவில்லையாம். பிள்ளை பால் கேட்டால் புரியவில்லையாம், பசி என்றால் புரியவில்லையாம், அப்படி ஒரு கல்நெஞ்சக்காரியாம். குழாயடியிலிருந்து கோயில் வாசல் வரைக்கும் இதைச் சொல்லாத வாய் இல்லை. அந்த வாய்களுக்குச் சொந்தக்காரர்கள் ஒருத்தராவது அந்தப் பிள்ளை பேசும்போது நின்று கேட்டிருப்பார்களா என்றால் அதுவும் இல்லை. இதை நான் சொன்னால், “செல்விக்கு எப்பவும் மூக்கு மேல கோவம்” என்பார்கள். ஆமாம், கோபம்தான். கோபம் இல்லாமல் இதை எழுத எனக்குத் தெரியாது.

நான் ஆரோக்கியசெல்வி. திண்டிவனத்தில் ஒரு பிளக்ஸ் கடையில் கம்ப்யூட்டரில் எழுத்து அடிக்கிற வேலை. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கையால்தான் போகும். அமலா என் கொழுந்தன் சகாயராஜின் மனைவி. கூட்டேரிப்பட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி ஷேர் ஆட்டோவில் உள்ளே வந்தால் எங்கள் ஊர். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். ஓரகத்தியை ஓரகத்தி புகழ்வது எங்கள் பக்கத்து வழக்கமில்லை, எனவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அவள் குழம்பில் புளி அதிகம், நாக்கில் அதைவிட அதிகம். கடலைக்காட்டில் மல்லாட்டை பிடுங்கப் போனால் பக்கத்து வரிசைக்காரியை வம்புக்கு இழுக்காமல் அவளுக்கு வேலை ஓடாது.

அப்படிப்பட்டவள் ரெபேக்கா பிறந்த வாரம் வாயைத் திறக்கவில்லை. பிள்ளைக்கு மேல் உதடு பிளந்திருந்தது, உள்ளே மேல்வாயும் பிளந்திருந்தது. பார்க்க வந்த பெண்கள் தொட்டிலை எட்டிப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, “கிரகணத்தன்னிக்கி இன்னாடி அறுத்த?” என்பதுதான். மீனா, காயா, கயிறா என்று ஆளுக்கு ஒன்று கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்கு முதல் ஆளாகப் போய் உட்காருகிறவர்கள்! அமலா மாசமாக இருந்தபோது கிரகணம் வந்ததா என்றுகூட ஒருத்திக்கும் நினைவில்லை. வந்திருக்க வேண்டும், இவள் அறுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். சகாயராஜிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவன் அந்த மாதங்களில் சென்னையில் சென்ட்ரிங் வேலையில் எத்தனை கம்பி அறுத்தான் என்று நான்தான் கேட்டேன். அதற்கு என்னை முறைத்தார்கள்.

மார்பில் பால் குடிக்க அந்தக் குழந்தைக்கு முடியவில்லை. உறிஞ்சினால் காற்று போய்விடும், ஊற்றினால் மூக்கு வழியாகத் திரும்பி வரும். அமலா பாலைப் பீய்ச்சி, பிள்ளையை நிமிர்த்திப் பிடித்து, பாலாடையால் சொட்டுச் சொட்டாக விட்டாள். ஒரு முறை ஊட்டி முடிப்பதற்குள் அடுத்த பசி வந்துவிடும். அப்படித்தான் அந்தப் பிள்ளை பிழைத்தது.

ஒரு தொண்டு நிறுவனத்து ஆட்கள் முகாம் போட்டு, சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் இலவசமாக ஆபரேஷன் செய்தார்கள். உதடு முதல் வருஷமே ஆயிற்று. எடை போதவில்லை, சளி, காய்ச்சல் என்று தள்ளிப் போய், மேல்வாய் ஆபரேஷனுக்குள் பிள்ளைக்கு மூன்று வயது தாண்டிவிட்டது. தையலில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. நன்றாகத்தான் தைத்தார்கள். என் கோபம் அதற்குப் பிறகு நடந்ததில்தான்.

அடுத்த முகாமுக்கு பிளக்ஸ் அடிக்க அந்த நிறுவனத்துக்காரர் எங்கள் கடைக்கே வந்தார். படத்தைத் திறந்து பார்த்தால் ரெபேக்கா. ஒரு பக்கம் பிளந்த உதடு, மறுபக்கம் தைத்த உதடு, நடுவில் ஒரு அம்புக்குறி. மேலே “புன்னகை மலர்ந்தது” என்று பெரிய எழுத்தில் போடச் சொன்னார். எங்க வீட்டுப் பிள்ளை சார் இது என்றேன். ரொம்ப சந்தோஷப்பட்டார். “சிரிக்குது சார், ஆனா பேசறது யாருக்கும் புரியலையே, அதுக்கு இன்னா பண்றது?” என்று கேட்டேன்.

“வாய் மூடியாச்சு இல்லம்மா, பேச்சு தானா வந்துடும். பலூன் ஊதச் சொல்லுங்க” என்றார், படத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கச் சொல்லிக்கொண்டே.

சகாயராஜ் பலூன் வாங்கி வந்தான். ஒரு பாக்கெட் இல்லை, பை நிறைய. அதிலிருந்து அந்த வீட்டில் பலூன்தான். பிள்ளை ஊதும், அப்பன் ஊதுவான், அக்கம் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் வந்து ஊதும். பீப்பீ, விசில், ஊதுகுழல் என்று மயிலம் தேர்த்திருவிழாவில் ஊதுகிற சாமான் ஒன்று விடாமல் வந்தது. வருஷக்கணக்காக ஊதினார்கள். ரெபேக்கா எங்கள் தெருவிலேயே பெரிய பலூன் ஊதுகிற ஆளானாள். பேச்சு அப்படியே இருந்தது.

எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். மா, நா எல்லாம் நன்றாக வரும். பா, கா, டா, சா எதுவும் வாயில் விழாது. தொண்டையிலேயே ஒரு சின்ன அடைப்பாக நின்றுவிடும், மிச்சம் மூக்கு வழியாகப் போகும். தன் பெயரில் உள்ள பே-யும் கா-வும் அவளுக்கு வராது. பெயர் வைத்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்? அமலாவுக்கு மட்டும் எல்லாம் புரியும். தூக்கத்தில் முனகினால்கூடப் புரியும். கடையில், பள்ளிக்கூட வாசலில், சொந்தக்காரர் வீட்டில், ரெபேக்கா வாயைத் திறக்கும் முன்பே அமலா சொல்லி முடித்துவிடுவாள். “தண்ணி கேக்குறா.” “பாத்ரூம் போவணுமாம்.” “உங்க புடவை நல்லா இருக்காம்.” பள்ளிக்கூடத்தில் ஆஜர் கூப்பிட்டால் பக்கத்தில் உட்காருகிற பெண் இவளுக்கும் சேர்த்து “உள்ளேன் டீச்சர்” சொல்லிவிடும். டீச்சர் இவளை வாசிக்கச் சொல்வதே இல்லை. பாவமாம். இரண்டு வருஷம் அந்தப் பள்ளிக்கூடத்தில் என் கொழுந்தன் மகள் பாவமாக உட்கார்ந்திருந்தாள்.

காதில் சீழ் வந்ததால்தான் வழி பிறந்தது. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள் அமலா, துணைக்கு நான். காதைப் பார்த்த டாக்டரம்மா, பிள்ளையின் வாயையும் பார்த்துவிட்டு, “மேல்வாய்ப் பிளவு இருந்தா காதும் இப்படித்தான் தொல்லை பண்ணும்” என்று மருந்து எழுதினார். பிறகு, “பேச்சுப் பயிற்சிக்கு எங்க போறீங்க?” என்று கேட்டார். எங்கேயோ போய்க்கொண்டிருப்போம் என்று அவர் நினைத்துக்கொண்டார். அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அவர் அனுப்பி, விழுப்புரத்தில் சூர்யகலா என்கிற பயிற்சியாளரிடம் போனோம். சின்ன அறை, சின்ன மேஜை, எதிரெதிரே இரண்டு நாற்காலி. சூர்யகலா ரெபேக்காவைப் பார்த்து, “உன் பேர் என்னம்மா?” என்றார்.

“ரெபேக்காங்க” என்றாள் அமலா.

“எத்தனாவது படிக்கிற?”

“ரெண்டாவது முடிச்சிட்டாங்க.”

“என்ன சாப்பிடப் புடிக்கும்?”

“முட்டைங்க. முட்டைன்னா உசுர வுட்ருவா.”

சூர்யகலா பேனாவைக் கீழே வைத்தார். “அம்மா, அவளுக்கு முட்டை புடிக்கும்னு உங்களுக்குத் தெரியும். எனக்கு அவ சொல்லித்தான் தெரியணும். கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு உட்காருங்க.”

அமலாவை இப்படிச் சொல்லிவிட்டு உயிரோடு இருக்கிற ஆள் எங்கள் ஊரில் கிடையாது. அமலா உட்கார்ந்தாள்.

சூர்யகலா ஒரு சின்னக் கண்ணாடியைப் பிள்ளையின் மூக்குக்குக் கீழே பிடித்து, பா சொல்லச் சொன்னார். கண்ணாடியில் ஆவி படிந்தது. உதட்டுக்கு முன்னால் ஒரு காகிதத் துண்டைப் பிடித்து மறுபடியும் சொல்லச் சொன்னார். காகிதம் அசையவில்லை. பிறகு தானே பா என்றார். காகிதம் துள்ளியது. “தையல் நல்லா இருக்கு. மேல்வாய் வேலையும் செய்யுது. ஆனா அதைச் சரி பண்றதுக்கு முன்னாடியே இவ பேச ஆரம்பிச்சுட்டா. உதட்டுல போட வேண்டிய சத்தத்தைத் தொண்டையில போட்டுப் பழகிட்டா. பழக்கத்தை ஒவ்வொரு சத்தமா மாத்தணும். இதுக்கு முன்னாடி ஏன் வரலை?”

“பலூன் ஊதினாளேங்க” என்றாள் அமலா. அவள் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதில்லை.

“ஊதினா ஊதத்தாம்மா வரும். பேச்சு பேசித்தான் வரும்.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் அமலா என் பக்கம் திரும்பினாள். “அக்கா, வருஷக்கணக்கா வெறும் பலூன ஊதிக்கினு இருந்தோமேக்கா” என்றாள். அதற்குப் பிறகு நான் அந்த நிறுவனத்துக்காரரைத் திட்டிய திட்டில் முன் சீட்டு ஆள் எழுந்து பின்னால் போய் உட்கார்ந்தார். தைத்த உதட்டைப் படம் பிடிக்க ஆள் இருக்கிறது, பிளக்ஸ் அடிக்க ஆள் இருக்கிறது. இத்தனை பேரில் ஒருத்தருக்கு, “பேசக் கற்றுக் கொடுக்க ஆள் இருக்கிறார், போய்ப் பாருங்கள்” என்று சொல்ல வாய் வரவில்லையே! படத்தில் பேச்சு தெரியாது, அதனால்தான்.

வாராவாரம் சனிக்கிழமை வேலையை விட்டுவிட்டு அமலா விழுப்புரம் போனாள். பிள்ளை முதலில் பா-வை உதட்டில் போடப் பழகியது. கையை வாய்க்கு முன்னால் பிடித்து, காற்று கையில் அடிக்கிறதா என்று பார்க்கும். அது பழகியதும் சூர்யகலா அமலாவுக்கு ஒரு வேலை கொடுத்தார். “இனிமே வீட்ல பழகின வார்த்தையைப் பழைய மாதிரி சொன்னா, உங்களுக்குப் புரிஞ்சாலும் புரிஞ்ச மாதிரி காட்டாதீங்க. திட்டக்கூடாது. ‘புரியலை, திருப்பிச் சொல்லு’ன்னு மட்டும் சொல்லிட்டுக் காத்திருங்க. எப்படிச் சொன்னாலும் அம்மாவுக்குப் புரிஞ்சிடுதுன்னா அவ எதுக்கு மாத்திக்கணும்?”

அமலாவுக்கு எதையும் அளவாகச் செய்யத் தெரியாது. பழகின வார்த்தைக்கு மட்டும் என்பதைக் காதில் வாங்காமல் எல்லாவற்றுக்கும் புரியவில்லை என்றாள். பிள்ளைக்கு வராத கா-வுக்கும் புரியவில்லை, சா-வுக்கும் புரியவில்லை. இரண்டு நாளில் ரெபேக்கா பேசுவதையே நிறுத்திவிட்டாள். பசித்தால் தட்டைக் காட்டினாள். சனிக்கிழமை சூர்யகலா அமலாவைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். “இன்னும் கத்துக்காத சத்தத்துக்குப் புரியலைன்னா குழந்தை என்ன பண்ணும்? வாயை மூடிக்கும். அதுக்கா இவ்வளவு தூரம் வர்றீங்க?” அமலா அழுதாள். வீட்டுக்கு வந்து திருத்திக்கொண்டாள். ஆனால் தெரு அந்த இரண்டு நாளை மட்டும் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவள் எத்தனை பொறுமையாகக் காத்திருந்தாலும் அது அவர்கள் கண்ணில் படவில்லை.

முனியம்மாள் கடையில் ஒரு நாள் ரெபேக்கா பிஸ்கட் பாக்கெட் கேட்டாள். முனியம்மாள் வழக்கம்போல அமலாவைப் பார்த்தாள். அமலா எதிர்வீட்டு மாடியைப் பார்த்தாள். பிள்ளை மறுபடி கேட்டது. முனியம்மாளுக்குக் கோபம். “யாம்மா, புள்ள இன்னா கேக்குதுன்னு சொல்லித் தொலையேன். எனக்கு வேல இருக்குது.”

“அவ கேக்கறா, நீ குடுக்கற. நடுவுல நான் யாரு?” என்றாள் அமலா.

மூன்றாவது தடவை பிள்ளை உதட்டை அழுத்தி, பி என்று ஆரம்பித்தது. கடைசி எழுத்துகள் சரியாக வரவில்லைதான். ஆனாலும் முனியம்மாளின் கை தானாக பிஸ்கட் டப்பாவுக்குப் போயிற்று. “எப்பா, பேஜாரு புடிச்ச பொம்பள” என்று திட்டிக்கொண்டே எடுத்துக் கொடுத்தாள். ரெபேக்கா பாக்கெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். அவளே கேட்டு வாங்கிய முதல் சாமான் அது.

சகாயராஜ் வேறு ஒரு தலைவலி. ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து வருவான். பிள்ளை எப்படிப் பேசினாலும் “புரிஞ்சிது கண்ணு, புரிஞ்சிது” என்று தூக்கிக்கொள்வான். “உனுக்கு எதுக்குயா புரியுது?” என்று அமலா சண்டைக்குப் போவாள். அவன் என்னிடம் வந்து, “அண்ணி, எம் பொண்ணு பேசறது எனக்குப் புரியக்கூடாதாம். இன்னா நாயம் இது? இவளுக்குப் புத்தி கித்தி பேதலிச்சிப் போச்சா?” என்று கேட்டான்.

“உங்களுக்குப் புரிஞ்சி இன்னா ஆவப்போவுது? நாளிக்கு பஸ் கண்டக்டருக்குப் புரியணும், பேங்க்குல புரியணும். நீங்க கூடவே போய்க்கினு இருப்பீங்களா?” என்றேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த வாரம் அவனுக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, அமலா பிள்ளை கையில் கொடுத்தாள். “அப்பா” என்றது பிள்ளை. உதட்டில் விழுந்த பா.  “யாரு பேசறது?” என்று கேட்டான். பிள்ளை மறுபடி அப்பா என்றது. அந்த நாள் வரைக்கும் அந்த வார்த்தையை அவன் முழுதாகக் கேட்டதில்லை. சாரத்தின் மேல் நின்றுகொண்டு அவன் அழுத அழுகை சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது. அதற்குப் பிறகு அவனுக்கும் புரியாமல் போய்விட்டது.

இந்த வருஷம் மே மாதம் ரெபேக்காவுக்குப் புதுநன்மை, அதாவது பூசையில் நன்மை என்கிற அப்பத்தைப் பிள்ளைகள் முதன்முதலாக வாங்குகிற நாள். எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. நன்மை வாங்கப் போகிற ஒவ்வொரு பிள்ளையும் மைக் முன்னால் வந்து தன் பெயரைச் சொல்லி, ஒரு மன்றாட்டு சொல்ல வேண்டும். சபை எழுந்து நின்று அதற்குப் பதில் சொல்லும். மன்றாட்டுகளை உபதேசியார் ராயப்பன் பிரித்துக் கொடுப்பார். திருச்சபைக்கு ஒருத்தி, நோயாளிகளுக்கு ஒருவன் என்று எல்லோருக்கும் கொடுத்தார். ரெபேக்காவுக்கு மட்டும் கொடுக்கவில்லை. அமலா போய் நின்றாள். கூட நானும் போனேன்.

“யம்மா அமலா, தப்பா நெனக்காத” என்று ஆரம்பித்தார் ராயப்பன். “இப்பல்லாம் பூச லைவ்ல போவுது. வெளிநாட்ல இருக்கறவங்க கூடப் பாக்கறாங்க. கொழந்தைய யாராவது கேலி பண்ணா உனுக்குத்தான் கஷ்டம். ரெபேக்கா வரிசைல நிக்கட்டும். பக்கத்துல நிக்கிற பொண்ணு அவ பேரையும் சேத்துச் சொல்லிடும்.”

மறுபடியும் பக்கத்தில் நிற்கிற பெண்! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் நான் வாயைத் திறக்கும் முன் அமலா திறந்துவிட்டாள்.

“அப்ப நன்மையையும் அந்தப் பொண்ணே சேத்து வாங்கிக்கட்டும். பேசறதுக்கு ஆவாத வாயி நன்ம வாங்கறதுக்கு மட்டும் ஆவுமா உபதேசியாரே?”

அறைக்குள்ளிருந்த பங்குத்தந்தை வெளியே வந்துவிட்டார். கேட்டுவிட்டு, “அவளுக்கும் ஒண்ணு குடுங்க” என்றார். ராயப்பன் இருப்பதிலேயே சின்னதாகப் பார்த்து, மழைக்கான மன்றாட்டைக் கொடுத்தார். அமலா அதை வாங்கிக்கொண்டு நேராக விழுப்புரம் பஸ் ஏறினாள்.

புதுநன்மையன்று கோயில் நிறைந்திருந்தது. வெள்ளை கவுனும் பூக்கிரீடமுமாகப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். அமலாவும் நானும் பெண்கள் பக்கம் முன் வரிசை, சகாயராஜ் ஆண்கள் பக்கம். ரெபேக்காவின் முறை வந்தது. மைக் முன்னால் போனாள். பயத்தில் கடகடவென்று சொல்லிவிட்டாள், அத்தனையும் பழைய மாதிரி, தொண்டையிலும் மூக்கிலுமாக. ஒருத்தருக்கும் புரியவில்லை. மன்றாட்டு முடிந்ததா என்றே தெரியாமல் சபை விழித்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள். ராயப்பன் மைக்கை நோக்கி நடந்தார்.

ரெபேக்கா மைக் கம்பியைக் கையால் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். கோயிலே அமலாவைத்தான் பார்த்தது. அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அத்தனை வருஷம் அவளுக்காகச் சொன்னவள்தானே, எழுந்து சொல்லிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. எனக்கே அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. அமலா எழவில்லை. புருவத்தைக் கொஞ்சம் தூக்கி, தலையைக் கொஞ்சம் சாய்த்து, மகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கை மட்டும் என் கையை நசுக்கிக்கொண்டிருந்தது. வீட்டில் ஒரு வருஷமாகப் புரியவில்லை என்று சொல்லும்போது வைத்துக்கொள்கிற முகம் அது. அந்த முகத்தைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்று ரெபேக்காவுக்குத் தெரியும்.

மூச்சு விட்டாள். பிறகு மெதுவாக ஆரம்பித்தாள். “என் பெயர் ரெபேக்கா. எங்கள் ஊரில் பயிர் பிழைக்க, நல்ல மழை பெய்ய வேண்டும் என்று, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்.” கா இன்னும் பாதிதான். ஆனால் பயிர் என்றபோது வாய்க் காற்று மைக்கில் மோதி ஸ்பீக்கர் ‘பட்’டென்று அடித்தது. பெய்ய என்றபோது மறுபடி அடித்தது. ஒலிபெருக்கிக்காரர் முகத்தைச் சுளித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் காற்று உதட்டு வழியாக வருவதற்காகத்தான் ஒரு வருஷம் சனிக்கிழமை சனிக்கிழமையாக அலைந்தார்கள்.

முதலில் எழுந்து பதில் சொன்ன குரல் அமலாவுடையது. பிறகு சகாயராஜ், பிறகு நான், பிறகு பார்க்க வந்திருந்த முனியம்மாள் உட்பட மொத்தக் கோயிலும். பாதி வழி நடந்துவிட்ட ராயப்பன் அப்படியே நின்றார்.

பூசை முடிந்து கோயில் வாசலில் கேக் கொடுத்தார்கள். அமலா சும்மா இருந்தாள், அதுவே பெரிய அதிசயம். ராயப்பன் தட்டோடு வந்து, நாலு பேர் பார்க்க ரெபேக்காவின் கன்னத்தைத் தட்டினார்.

“பாவம் கொழந்த. எப்படியோ சொல்லி முடிச்சிடுச்சி” என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் ரெபேக்கா நிமிர்ந்து, புருவத்தைக் கொஞ்சம் தூக்கி, தலையைக் கொஞ்சம் சாய்த்து அவரைப் பார்த்தாள். குறும்பா, நிஜமாகவே கேட்டாளா, எனக்கு இன்றைக்கும் தெரியாது.

“புரியலை” என்றாள். “திருப்பிச் சொல்லுங்க.”

காத்திருந்தாள். அமலாவும் காத்திருந்தாள். சுற்றி நின்றவர்களும் ராயப்பன் முகத்தையே பார்த்தார்கள். திருப்பிச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.